பொது நூலகமும் நம் சமுதாயமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் வாசகர் வட்டத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நம் ஊர்ப் பொது நூலகத்தில் நாம் நடத்தி வரும் வாசகர் வட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டுமென விழாக் குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். கல்விச் சங்கத்தின் விழா மேடையில் உதவித் தொகையைப் பற்றியும், விடுதியைப் பற்றியும், மாலை வகுப்பைப் பற்றியும் பேசுவோர் பலர் உளர். நூலகத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். பள்ளிப் படிப்பு பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்து விடுகிறது. கல்லூரிக்குச் செல்லும் பேறு பெற்றோர்க்கு இன்னும் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு. அதற்குப் பின் ஒருவன் வாழ்கின்ற நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் அவன் கற்பதற்கு எந்தக் கட்டடம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது? பள்ளியைப் பாதியில் விட்டுக் கட்டட வேலைக்குச் சென்ற நம் தம்பிக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது? இவ்வினாவிலிருந்தே நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவித்துக் கொள்வோம். நூலகம் யாருடையது? நம் தெருவில் இன்றும் பலர் அதனை ‘அவர்கள் பக்கத்துக் கட்டடம்’ என்றே எண்ணுகின்றனர். 1948-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. சீர்காழியில் 1892-இல் பிறந்த நூலகப் பேரறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் பல்லாண்டுகள் இடையறாது வற்புறுத்தியதன் பயனாகவும், அந்நாளில் கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியாலும் அது சட்டமாயிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே தண்டப்படுகிறது. இன்று அது வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு. வீட்டு வரி இரசீதை எடுத்துப் பாருங்கள். மாடி வீட்டுக்காரர் செலுத்தும் வரியில் நூலகத்திற்கு ஒரு பங்கு உண்டு. காலனியில் தொகுப்பு வீட்டுக்கு வரி கட்டும் நம் தாயார் செலுத்துவதிலும் அதே விழுக்காடு உண்டு. ஆகவே நாம் அங்கே செல்வது விருந்தாளியாக அன்று.

சட்டம் இதனோடு நிற்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் வரைவுக் குழுத் தலைவராயிருந்து உருவாக்கிய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவில், கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிய பின், அரசுப் பணத்தில் முழுமையாகவோ பகுதியாகவோ பேணப்படும் பொதுமக்கள் கூடுமிடம் எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்று விதிக்கப்பட்டுள்ளது. பெயர் சொல்லாமல் விட்ட இடங்களையும் அந்த ஒரு தொடர் அடக்கிக் கொள்கிறது. நூலகம் அதனுள் வருவதே.

ஆயினும் சட்டம் திறந்த கதவினுள் கால் எடுத்து வைப்பது எளிதாக இருக்கவில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் நூலகம் ஊர்த் தெருவின் நடுவில், கோயிலுக்கோ ஊராட்சி அலுவலகத்திற்கோ அண்மையில் அமைந்திருக்கக் காண்கிறோம். அவ்விடத்திற்குச் செல்ல நம் பிள்ளை எத்தனை திண்ணைகளைக் கடந்து செல்ல வேண்டும்! ஒவ்வொரு திண்ணையிலும் ‘யார் வீட்டுப் பிள்ளை நீ?’ என்ற கேள்வி அமர்ந்திருக்கிறது. அக்கேள்விக்குத் தடியும் இல்லை, அரிவாளும் இல்லை; ஆயினும் பத்து வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப அதுவே போதுமானது. இரண்டாவது தடை நேரம். வேலைக்குச் சென்றவர் வீடு திரும்பும் வேளையில் நூலகம் பூட்டப்படுகிறது. பகுதி நேர நூலகமாயின் கேட்கவே வேண்டா. பெண்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்குத் தடை இரு மடங்கு.

ஓர் ஊரில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டா. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா கொண்டாடப்படுவதை அறிவீர்கள். அவ்விழாவில் விசிப்பலகை போட்டவர்களும், தோரணம் கட்டியவர்களும், ஒலிபெருக்கி சுமந்தவர்களும் நம் இளைஞர்கள். கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு பெற்றவள் நம் தெருப் பெண். ஆயினும் பரிசு வழங்கும்போது இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும் மேடையில் வழங்கப்பட்டன. முதற்பரிசு கூட்டம் கலைந்தபின் கீழே நின்றவாறு கையில் கொடுக்கப்பட்டது. ‘நேரமாகிவிட்டது’ என்று காரணம் கூறப்பட்டது. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. வீட்டிற்கு வந்து பரிசுப் புத்தகத்தை உறை பிரிக்காமலே பரணில் வைத்துவிட்டாள்.

இதற்கு நாம் என்ன செய்வது? சிலர், ‘இனி அந்தப் பக்கமே போகவேண்டாம், நமக்கென்று ஒரு படிப்பகம் வைத்துக் கொள்வோம்’ என்றனர். சிலர் சுவரொட்டி அடிப்போம் என்றனர். வாசகர் வட்டத்தினர் மூன்றாவது வழியைத் தேர்ந்தனர். அடுத்த ஆண்டு விழாவிற்கு இரண்டு மாதம் முன்னரே, பரிசுகள் முதல், இரண்டு, மூன்று என்னும் வரிசையிலேயே மேடையில் வழங்கப்பட வேண்டும் என்றும், விழாக் குழுவில் நம் உறுப்பினர் இருவர் இடம்பெற வேண்டும் என்றும் எழுத்தில் விண்ணப்பித்து, அதன் நகலை மாவட்ட அலுவலகத்திற்கும் அனுப்பினர். நூலகர் நல்லவர், எழுத்தில் ஒன்று வந்தால் அவருக்கும் அது துணையாயிற்று. அவ்வாண்டு வரவேற்புரை நிகழ்த்தியவள் அதே பெண்.

நமக்கென்று படிப்பகம் என்ற கருத்தை நாம் இகழ்ந்து பேசவில்லை. அதற்கு நீண்ட பெருமை உண்டு. 1924-இல் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தோற்றுவித்தபோது, விடுதிகள் திறப்பதோடு நூலகங்கள், சமூக நிலையங்கள், படிப்பு வட்டங்கள் அமைப்பதையும் அதன் நோக்கங்களில் ஒன்றாக எழுதி வைத்தார். நூலின் அருமை அவருக்குத் தெரியும். அமெரிக்காவிலும் இலண்டனிலும் அரை வயிறு உண்டு சேர்த்த நூல்களுள் ஒரு பெரும் பகுதி, 1917-இல் அவர் தாயகம் திரும்பியபோது, உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்ட கப்பலோடு கடலில் போயிற்று. அதன் பின்னரும் அவர் வாங்கிக் கொண்டேயிருந்தார். தாதரில் வீடு கட்டியபோது நூல்களுக்கு இடம் ஒதுக்கியே கட்டினார்.

நம் தமிழ் மண்ணிலோ அதற்கும் முன்னரே எழுத்து நம் தெருக்களுக்கு வந்துவிட்டது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொணர்ந்தார். மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. விலையே பெயராக இருந்த இதழ் அது. கூலிக்காரன் வாங்கக்கூடிய விலை எதுவோ அதையே தலையில் எழுதிக் கொண்டு வந்தது. கோலார் தங்க வயலிலும், பர்மாவிலும், தென்னாப்பிரிக்காவிலும் வாழ்ந்த நம்மவர் அதனைப் படித்தனர். 1914-இல் பண்டிதர் மறைந்தார். அவ்விதழ்த் தாள்கள் அழிந்தே போயிருக்கும்; அன்பு பொன்னோவியம் போன்ற பெருமக்கள் பேணிக் காத்தமையால், 1999-இல் அவை நூல் தொகுதிகளாக வெளிவந்தன. ஒரு வீட்டுப் பெட்டியில் பழந்தாளைக் கட்டி வைத்தவர் ஒரு நூலகமே ஆவார் என்பது எங்கள் எண்ணம்.

எனவே நம் தெருப் படிப்பகம் இருக்கட்டும். இரவு ஒன்பது மணி வரை விளக்கு எரிவது அங்கேதான். ஆனால் அது நாளிதழ் இரண்டும் கேரம் பலகை ஒன்றுமாகச் சுருங்கிவிடக் கூடாது. நம்மைப் பொது நூலகத்திலிருந்து பிரிக்கும் சுவராகவும் மாறிவிடக் கூடாது. நாம் விலகி நின்றால் மகிழ்வோர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள்! அரசு வாங்கித் தரும் புதிய நூல்கள் வந்து சேருவது பொது நூலகத்திற்கே. அங்குள்ள வருகைப் பதிவேட்டில் நம் கையொப்பம் இல்லையேல், இவ்வூரில் நாம் படிப்பதில்லை என்றே கணக்கு சொல்லும். ஊர்ப்புற நூலகத்தைக் கிளை நூலகமாக உயர்த்தக் கேட்டால், உறுப்பினர் எத்தனை பேர், புரவலர் எத்தனை பேர் என்றே முதலில் கேட்கின்றனர். 2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டப்பட்டது. அவற்றுள் பல பின்னர்ப் பூட்டிக் கிடந்து, புத்தகங்கள் கறையானுக்கு இரையானதைக் கண்டோம். கட்டடம் அரசு தரும். அதில் ஆள் இருக்கச் செய்வது எந்த அரசாலும் இயலாது.

இனி வட்டத்தின் பணியைச் சொல்லுவோம். ஞாயிறு முற்பகல் கூடுகிறோம். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர் கேட்பர், ஐயம் எழுந்த இடத்தில் நிறுத்துவர். மாதத்தில் ஒரு மாலை, நூலகரின் இசைவோடு நூலை நம் தெருவிற்கே எடுத்து வந்து தாய்மார்களிடையே படிக்கிறோம். மன்னார்குடியில் 1931-இல் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றனர் என்பது நூலக வரலாறு. நம்மிடம் வண்டி இல்லை, துணிப்பை இருக்கிறது.

அந்த மாலைகளுள் ஒன்றில் பாமாவின் ‘கருக்கு’ படிக்கப்பட்டது. 1992-இல் வெளிவந்த அந்நூல் நம் மக்கள் பேசும் பேச்சு மொழியிலேயே எழுதப்பட்டது. செந்தமிழ்க் கட்டுரையைப் படித்த மாலைகளில் தாய்மார்கள் மரியாதைக்காக அமர்ந்திருந்தனர். பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கச் சென்றனர். அன்று மூன்று பக்கம் முடிவதற்குள் ஒரு மூதாட்டி கையை உயர்த்தி, “நிறுத்துப்பா. இது பொஸ்தகத்துல இருக்கா, நீயா சொல்றியா?” என்று வினவினார். அச்சிட்ட பக்கத்தைக் காட்டினோம். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் பக்கத்தைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, “அப்ப எங்கதையையும் எழுதலாம்” என்றார்.

அன்று அதற்கு மேல் படிக்கவில்லை. அவர் பேசினார், மற்றவரும் பேசினர். பண்ணையாளாக இருந்த தம் தந்தைக்கு அளந்த நெல் எத்தனை மரக்கால், எந்தக் கிணற்றில் குடம் வைக்கக்கூடாது, களத்து மேட்டில் எந்த இடத்தில் நின்று கூலி வாங்க வேண்டும், முதன்முதலில் செருப்பணிந்து ஊர்த் தெருவில் நடந்தவர் யார் என்பனவெல்லாம் வெளிவந்தன. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அவற்றை எழுதிக் கொண்டாள். அக்குறிப்பேடு இன்று மூன்றாவது நோட்டில் நடக்கிறது. இந்த ஊரின் வரலாறு என்று எவரேனும் எழுதப் புகுந்தால், அதில் நம் தெருவிற்கு ஒரு வரி கிடைப்பது அரிது. அக்குறிப்பேட்டைப் படியெடுத்து, கட்டடம் செய்து, நம் நூலகத்தின் பதிவேட்டில் எண்ணிட்டுச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அன்பளிப்பு நூலாக ஏற்பதாக நூலகர் கூறியுள்ளார். சொன்னவர்களுள் இருவர் இப்போது நம்மோடு இல்லை. ஆதலால் இவ்வேலைக்கு நாளை என்பது கிடையாது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பிமார்களுக்கும் ஒரு சொல். நூலகத்தின் மேசைகளில் இன்று பெரும்பகுதி உங்கள் வினா விடை நூல்களே. அதில் தவறில்லை. வேலை வேண்டும், இட ஒதுக்கீடு போராடிப் பெற்றது, அதனை வீணாக்காமல் அமர்ந்து படிப்பவரை நாம் போற்றவே வேண்டும். காலை முதல் மாலை வரை ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கும் அந்த உழைப்பு எளிதன்று. ஆனால் அண்ணல் பிறந்த ஆண்டு எது என்பதை மனப்பாடம் செய்தவர், அவர் எழுதிய நூல் ஒன்றையேனும் முழுமையாகப் படித்திருக்கிறாரா? ‘ஜாதியை ஒழிக்க வழி’ எனத் தமிழில் வழங்கும் நூல், 1936-இல் அவர் ஆற்றவிருந்து அழைத்தவர்களாலேயே நிறுத்தப்பட்ட உரை. அது பெரிய நூலன்று. இரண்டு மாலைகளில் படித்துவிடலாம். தேர்வு முடிந்தபின் படிக்கலாம் என்பீர்கள். தேர்வு முடிந்தவர்கள் நூலகப் பக்கம் வருவதில்லை என்பதே நாங்கள் கண்டது. (வேலை கிடைத்துப் பட்டணம் சென்றவர்கள் விழாவுக்கேனும் வந்திருப்பது மகிழ்ச்சி. அவர்களை இன்று எளிதில் விடுவதாக இல்லை.)

அவர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. நூலக உறுப்பினராகச் சேரக் காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் வேண்டும், தொகை சிறிதே. ஆயினும் ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் எனில் அதுவும் தள்ளிப் போடப்படுகிறது. உத்தியோகத்தில் உள்ள ஒவ்வொருவரும் தம் தெருப் பிள்ளைகள் ஐவரின் தொகையை ஏற்றுக் கொள்ளலாம். பரிந்துரைக் கையொப்பம் கேட்கப்படும் இடத்தில் முன்வந்து கையொப்பமிடலாம். புத்தகம் தொலைந்தால் பொறுப்பு நம் தலையில் விழுமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. தொலைந்தால் அதன் விலையை வட்டமே செலுத்தும் எனக் குழு தீர்மானித்திருக்கிறது.

வாசகர் பரிந்துரைப் பதிவேடு ஒன்று நூலகத்தில் உண்டு. அதில் நமக்கு வேண்டிய நூலின் பெயரை எழுதலாம். அயோத்திதாசர் தொகுதிகளையும், பூமணியின் ‘பிறகு’, சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ ஆகிய நாவல்களையும் அவ்வாறே எழுதிவைத்துள்ளோம். ஒருவர் எழுதினால் ஒரு வரி. இருபது பேர் வெவ்வேறு நாளில் எழுதினால் அதற்கு வேறு எடை. எழுதும்போது ஆசிரியர் பெயரையும் பதிப்பகத்தையும் பிழையின்றி எழுதுங்கள். பெயர் தெளிவாக இல்லாத வேண்டுகோள் அப்படியே நின்றுவிடுகிறது.

உறுப்பினர் படிவங்கள் அரங்கின் பின்புறம் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு நிரப்பித் தர மாணவியர் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். புகைப்படமும் முகவரிச் சான்றின் படியும் கொண்டு வராதவர் வரும் ஞாயிறன்று காலை நூலகத்திற்கே கொண்டு வரலாம். அன்று மூதாட்டியரின் குறிப்பேட்டிலிருந்து முதற்பகுதி படிக்கப்படும்.