ஹார்லெம் அரங்கில் ஒரு சொற்போர்



தாளத்தின்மேல் எதுகை தொடுத்துப் பேசும் 'ராப்' கலையில், ஒருவரையொருவர் எள்ளிப் பாடும் போட்டி உண்டு. 1981 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 'ஹார்லெம் வேர்ல்ட்' அரங்கில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பிஸி பீ கூட்டத்தைக் கூவவைப்பதில் வல்லவர். அவர் ஓர் அடி எடுத்துக்கொடுப்பார். அவை மறுமொழி முழங்கும். பொருள் எளிது, களிப்போ பெரிது. அவருக்குப்பின் ஏறிய கூல் மோ டீ அவையை மகிழ்விக்க முயலவில்லை, எதிரியையே குறிவைத்தார். பிஸி பீயின் பல்லவியைப் பாடிக்காட்டிப் பழித்தார். 'ஸ்டார்ஸ்கி' என்னும் அவர் பட்டப்பெயரே இரவல் என்றார். எதுகை நெருங்கிவர அடிமேல் அடியாக அடுக்கினார். அச்சொற்போர் ஒலிநாடாக்களில் பரவியது. சொல்லாட்சியே இக்கலையின் அளவுகோல் என்று பலர் கொள்ளலாயினர்.

மோ டீயின் வெற்றியை நான் மறுக்கவில்லை. எனினும் அவையைத் தன்னோடு பாடவைப்பதும் புலமையே அன்றோ? (கைதட்டலுக்காக ஒரே அடியை இருமுறை படித்த குற்றம் எனக்கும் உண்டு, ஆதலால் பரிந்து பேசுகிறேன் என்பீர்கள்.) அன்று தோற்ற பிஸி பீ, 1983இல் வெளிவந்த 'வைல்ட் ஸ்டைல்' திரைப்படத்தில் மேடையேறுகிறார், அங்கும் கூட்டம் அவரோடு சேர்ந்து கூவுகிறது.