மனநலச் செவிலியர்: தேவை உண்டு, பணியிடம் எங்கே?

(செவிலியர் மாணவர்கள் பங்கேற்ற அரங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செவிலியர் படிப்பை முடித்தபின் மனநலப் பிரிவில் மேற்படிப்பு படித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்வி இளம் தோழர்களிடமிருந்து அடிக்கடி எழுகிறது. நாட்டின் நிலையைப் பார்த்தால் இந்தக் கேள்வியே எழக்கூடாது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்கின்றனர். நோயின் தன்மைக்கேற்ப அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறுவதில்லை. மனநலச் செவிலியரோ லட்சம் மக்களுக்கு ஒருவர் என்ற அளவில்கூட இல்லை. அப்படியிருந்தும் படித்தவர்கள் வேலை தேடி அலைகின்றனர். காரணம் எளிது: தேவை தானாகப் பணியிடம் ஆகிவிடாது. அதை உருவாக்கும் பொறுப்பு அரசினுடையது. அப்பொறுப்பிலிருந்து அரசு நழுவிக்கொண்டே இருக்கிறது.

மனநலச் செவிலியரின் பணி பூட்டிய அறைக்குக் காவல் இருப்பது என்றே பலர் இன்னும் எண்ணுகின்றனர். கட்சி அணிகளிலும் இந்த எண்ணம் இல்லாமல் இல்லை. லித்தியம் உட்கொள்பவரின் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு வரம்பு மீறாமல் கவனிக்க வேண்டும். குளோசபின் தொடங்கியவருக்கு முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் இரத்தத்தின் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். நாள்தோறும் மாத்திரை விழுங்க இயலாதவருக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி உண்டு; ஊசி நாளில் அவர் வராவிட்டால் வீடு தேடிச் செல்ல ஒருவர் வேண்டும். காதில் குரல்கள் ஒலிப்பதாகச் சொல்லும் மகனிடம் வாதாடாமல் பேசுவது எப்படி என்று தாய்க்குச் சொல்லித்தர வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பதற்கும், விடை கேட்டபின் பதறாமல் உடனிருப்பதற்கும் பயிற்சி வேண்டும். கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் ஆளுக்குச் சில நிமிடங்கள் ஒதுக்கும் மருத்துவர் ஒருவரால் இவையெல்லாம் இயலாது.

இத்தகைய ஊழியர் இல்லாத இடத்தில்தான் சங்கிலி நுழைகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தீயிலிருந்து தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. அது நடைமுறைக்கு வந்த 2018இலிருந்து பத்தாண்டுகளுக்குள், சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை உருவாக்க அரசு முயல வேண்டும் என்றும் கூறியது. அதன்படி கெடு 2028. ஆனால் அதே சட்டத்தின் வரையறைப் பகுதியைப் படித்துப் பாருங்கள். பொதுச் செவிலியப் படிப்பில் பட்டயமோ பட்டமோ பெற்றவரையும் ‘மனநலச் செவிலியர்’ என்றே அது ஏற்கிறது. பொதுச் செவிலியரைக் குறைத்து மதிப்பதற்காக இது சொல்லப்படவில்லை. ஆனால், மனநலத்தில் ஓராண்டு மேற்பட்டயமோ இரண்டாண்டு முதுநிலையோ படித்தவருக்குத் தனிப் பணியிடமும் தனி ஊதியமும் தராமலேயே கணக்கை நேர்செய்துகொள்ள இது வழிவிடுகிறது.

மாவட்ட மனநலத் திட்டமும் அவ்வாறே. பெல்லாரியில் நிம்ஹான்ஸ் நடத்திய முன்னோடி முயற்சியைப் பின்பற்றி 1996இல் தொடங்கிய அத்திட்டம், இன்று ஏட்டளவில் 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிந்துள்ளது. குழுவில் செவிலியருக்கு இடம் உண்டு. அது பெரும்பாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தப் பணி. நோயாளியின் நம்பிக்கையைப் பெறப் பல மாதங்கள் ஆகும் துறையில், அடுத்த மார்ச்சில் தாம் இருப்போமா என்று அறியாத ஊழியர் என்ன செய்ய முடியும்? முதுநிலை முடித்தோரில் பலர் செவிலியர் கல்லூரி ஆசிரியராகிவிடுகின்றனர். அல்லது விமானம் ஏறுகின்றனர். பிரிட்டனின் செவிலியர் பதிவேட்டில் மனநலம் ஒரு தனிப்பிரிவு. அமெரிக்காவில் தனித் தகுதி பெற்ற மனநல உயர்நிலைச் செவிலியர் தாமே நோயறிந்து மருந்தும் எழுதலாம். பல மாநிலங்களில் அதற்கு மருத்துவரின் மேற்பார்வைகூடத் தேவையில்லை. இங்கே அதே கல்வியும் அனுபவமும் உடையவர் வார்டு மாற்றப் பட்டியலில் ஒரு பெயர். இன்று மனநலம், நாளை எலும்பு முறிவு.

தனியார் துறையின் நிலை தெரிந்ததே. உச்சநீதிமன்ற ஆணையின்படி 2016இல் அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் கிடக்க, கேரளத்தில் செவிலியர் தெருவில் இறங்கினர். 2018 ஏப்ரலில் இடது ஜனநாயக முன்னணி அரசு குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 20,000 ரூபாயாக அறிவித்தது. நட்பு அரசிடமும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தை அறிவித்த பிறகே அது கிடைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே மனநலப் பிரிவில் சேரலாமா என்று கேட்கும் மாணவர்களுக்கான விடை இது: சேருங்கள், ஆனால் வேலை காத்திருக்கிறது என்று விளம்பரம் செய்யும் கல்லூரிகளை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஒவ்வொரு மாவட்டக்குழுவும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகளை உடனே அனுப்ப வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்கள் எத்தனை? நிரப்பப்பட்டவை எத்தனை? அவற்றுள் நிரந்தரமானவை எத்தனை? வரும் விடைகளைத் தொகுத்துச் செவிலியர் சங்கங்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் சேர்க்க வேண்டும். 2028க்கு அதிக நாள் இல்லை.