சட்டம் மாறியது, தாள் மாறவில்லை

(கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு தாள் மனிதனை என்ன பாடு படுத்தும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நின்ற பிள்ளைகளையும், சிவப்பு ஐசியோடு வயதாகிப்போன தோட்டத் தொழிலாளர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆகவேதான் அமெரிக்க இராணுவத்தில் நடந்த ஒரு தாள் விவகாரத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது அங்கே பலரை நீல நிறத் தாளைக் கொடுத்துப் படையிலிருந்து அனுப்பினார்கள். அது கௌரவமான விடுவிப்பும் அல்ல. நீதிமன்றம் கொடுத்த தண்டனையும் அல்ல. யாருக்கு அது போனது? ஓரினச்சேர்க்கையாளர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கும், கறுப்பினத்தவர்களுக்கும் ஏராளமாகப் போனது. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை கொடுத்த 48,603 நீலத் தாள்களில் 10,806 தாள்கள் கறுப்பினத்தவர் கைக்குப் போயின. அதாவது நூற்றுக்கு 22. படையிலோ அவர்கள் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை!

போர் முடிந்து வந்த வீரர்களுக்குப் படிப்புச் செலவு, வீட்டுக் கடன் உதவி என்று 1944-ல் சட்டம் போட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை தலையெடுக்க அதுதான் வழி. நீலத் தாள்காரர்களுக்கு அந்தக் கதவு அடைக்கப்பட்டது. கறுப்பின மக்களின் 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகை 1945-ல் இதை எதிர்த்துக் கடுமையாகப் போராடியது. 1947-ல் நீலத் தாள் ஒழிந்தது. ஆனால் ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு 'விரும்பத்தகாதவர்' என்ற புதிய முத்திரை வந்து சேர்ந்தது.

பிற்காலத்தில் கௌரவமாக அனுப்பப்பட்டவர்களுக்கும் நிம்மதி இல்லை. 'டிடி 214' என்ற விடுவிப்புப் பத்திரத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதிவிட்டால் போதும். வேலை கேட்டுப் பத்திரத்தை நீட்டும் இடத்தில் எல்லாம் அந்த மனிதனின் அந்தரங்கம் மேசைமேல் கிடக்கும்.

2011 செப்டம்பர் 20-ஆம் தேதி அந்தத் தடை நீங்கியது. ஆனால், சட்டம் மாறியதும் தாள் தானாக மாறிவிட்டதா? இல்லை! பாதிக்கப்பட்டவரே மனுப் போட வேண்டும். விடுவித்து 15 ஆண்டுக்குள் என்றால் 'டிடி 293' பாரம். அதைத் தாண்டிவிட்டால் 'டிடி 149' பாரத்தோடு ஆவணத் திருத்த வாரியத்திடம் போக வேண்டும். ஓரினச்சேர்க்கை ஒன்றே காரணம், வேறு குற்றம் எதுவும் இல்லை என்றால், மனுவைப் பொதுவாக ஏற்க வேண்டும் என்று வாரியங்களுக்கு உத்தரவு போனது. ஆனால் பழைய கோப்புகள் எங்கே? 1973-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் கோடிக்கும் மேலான கோப்புகள் எரிந்து போயிருந்தன.

எட்வர்ட் ஸ்பையர்ஸ் விமானப்படையில் பாதிரியாருக்கு உதவியாளராக இருந்தவர். 1948-ல் வெளியேற்றப்பட்டார். திருத்தம் கேட்டபோது, கோப்பு தீயில் போயிருக்கும் என்றார்கள். அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். 2017 ஜனவரியில் கௌரவ விடுவிப்பு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 91. 1955-ல் வெளியேற்றப்பட்ட ஹெலன் கிரேஸ் ஜேம்ஸ் அம்மையாருக்கு 2018-ல், 90 வயதில் கிடைத்தது. வாழ்க்கையே முடியப்போகும் நேரத்தில் வந்த நீதி!

மனுப் போடாதவர்களின் கோப்புகளை அரசே எடுத்துப் பார்க்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024-ல் 800-க்கும் மேற்பட்டோருக்கு அப்படிக் கௌரவ விடுவிப்பு கொடுத்தார்கள். பத்திரத்திலுள்ள அந்தக் காரணத்தை எளிதாக நீக்க வழி செய்யும் உடன்பாடு 2025-ல்தான் ஒரு கூட்டு வழக்கின் மூலம் வந்தது.

இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். "நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?" என்று நினைக்கலாம். கறுப்பினத்தவரைத் தள்ளி வைத்த அதே தாள்தான் இவர்களையும் தள்ளி வைத்தது. பிடிக்காதவனை விசாரிக்காமல் ஒதுக்க ஒரு தாள் போதும் என்று அதிகாரத்தை விட்டுவிட்டால், அது ஒரு கூட்டத்தோடு நிற்பதில்லை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொரு பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். நகல் எடுத்து வையுங்கள். எந்த இலாகாவாவது மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டம் மாறியது என்று கேள்விப்பட்டால், நம் தாளும் மாறியதா என்று போய்ப் பாருங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் பிள்ளை தலைகுனிந்து ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தால், ஊர் என்ன சொல்லும் என்று வாசலை அடைக்காதீர்கள். முதலில் சோறு போடுங்கள். பிறகு சேர்ந்து உட்கார்ந்து மனு எழுதுங்கள்.