எரியுற ஊர்ல ஒரு சபை: மியான்மர் பாப்டிஸ்டுகளின் கதை

இன்னைக்கு மியான்மருக்குப் போறோம். அங்க பாப்டிஸ்ட் சபைகளுக்கு 200 வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. 1813-ல அடோனிராம் ஜட்சன், ஆன் ஜட்சன்னு ஒரு அமெரிக்கத் தம்பதி ரங்கூன்ல போய் இறங்கினாங்க. கப்பல் ஏறினது எங்க தெரியுமா? நம்ம மெட்ராஸ்ல!

இன்னைக்கு வடக்குல கச்சின், மேற்குல சின், இந்த ரெண்டு மக்கள்லயும் நிறைய பேர் பாப்டிஸ்டுகள். அதே மலைகள்லதான் சண்டையும் நடக்குது. கச்சின்ல 1994-ல வந்த போர்நிறுத்தம் 17 வருஷம் தாங்கிச்சு. 2011 ஜூன்ல உடைஞ்சது. ஒரு லட்சம் பேருக்கு மேல வீட்டை விட்டு ஓடினாங்க. எங்க போவாங்க? பல பேர் போனது சர்ச் வளாகத்துக்கு. பிரசங்கம் பண்ற போதகரே அரிசி மூட்டையும் எண்ண வேண்டிய நிலைமை.

2021 பிப்ரவரியில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. போர் நாடு முழுக்கப் பரவிச்சு. அந்தச் செப்டம்பர்ல, சின் மாநிலத்துல தன்ட்லாங்ங்கிற ஊர்ல குண்டுவீச்சுல வீடுகள் பத்திக்கிச்சு. தீயை அணைக்கப் போன ஒரு இளம் பாப்டிஸ்ட் போதகரைச் சுட்டுக் கொன்னாங்க. ஊரே காலியாச்சு. பல பேர் எல்லை தாண்டி மிசோரம் வந்தாங்க.

கச்சின் பாப்டிஸ்ட் கன்வென்ஷனோட தலைவரா இருந்தவர் கலாம் சாம்சன். 2019-ல வெள்ளை மாளிகையில டிரம்ப்பைச் சந்திச்சு, தன் மக்கள் படுற பாட்டைச் சொன்னவர். 2022 டிசம்பர்ல மாண்டலே விமான நிலையத்துல அவரைப் பிடிச்சாங்க. 6 வருஷ சிறை. 2024 ஏப்ரல்ல பொதுமன்னிப்புல விட்டாங்க. சில மணி நேரத்துலயே மறுபடி கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஜூலையிலதான் வெளியே வந்தார்.

"சர்ச்சுக்கு எதுக்கு அரசியல்?"னு சுலபமா கேட்டுடலாம். ஆனா ராணுவம் எதிரின்னு நினைக்கிற ஊர்க்காரங்களுக்குச் சோறு போட்டாலே, அங்க அது அரசியல்தான். வாயைத் திறக்காம முகாம் நடத்தினாலும் சந்தேகம் விடாது. நடுநிலைங்கிறது, என்னைப் பொறுத்தவரை, துப்பாக்கி தூரத்துல இருக்குறவங்களுக்குக் கிடைக்கிற வசதி.

பாப்டிஸ்ட் நம்பிக்கையில சபைன்னா கட்டடம் இல்ல. விசுவாசிச்சு ஞானஸ்நானம் எடுத்த மனுஷங்க. அதனாலதான் கூரை எரிஞ்சாலும் தார்ப்பாய்க்குக் கீழ ஞாயிறு ஆராதனை நடக்குது. ஆனா, எரிஞ்ச வீட்டோட கணக்கு அதனால தீர்ந்துடாது. அவங்க கேக்குறது பாராட்டு இல்ல, திரும்பிப் போறதுக்கு ஒரு ஊர்.