மின்கம்பம் சாய்ந்த பிறகு

பேரிடர் நிவாரணத்தில் சூரிய மின்சாரத்தையும் மின்சேமிப்பையும் ஆராயக் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அண்டை மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் நம் மின்வாரிய ஊழியர்களும் வயல் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அப்படியும் உள்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. இருட்டைக்கூட மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். தண்ணீர் இல்லாமல்தான் தவித்தார்கள். ஆழ்துளைக் கிணற்றில் நீர் இருந்தும் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் ஓடவில்லை. ஊர் கூடிக் காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் காசு கொடுத்தார்கள்.

தேவை எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ 4 யூனிட் போதும். ஒரு யூனிட்டில் ஐம்பது செல்பேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றலாம். நம் வெயிலில் 10 கிலோவாட் சூரியத் தகடுகள் நாளொன்றுக்குச் சுமார் 40 யூனிட் தரும். புயலுக்கு மறுநாள் மேகம் மூடிக் கால்பங்கே கிடைத்தாலும் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடும். நூறு செல்பேசிகள் உயிர்பெறும்.

அந்தத் தகடுகள்தாம் ஏற்கெனவே பல பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்தவை. கம்பியில் மின்சாரம் நின்றதும் அவற்றின் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது; அதில் கை வைக்கவே கூடாது. பேட்டரியும், கட்டடத்தைக் கம்பியிலிருந்து துண்டித்துத் தனித்து இயக்கும் இன்வெர்ட்டரும் சேர்ந்தால்தான் நிவாரண முகாமுக்குத் தன் கூரையின் மின்சாரம் கிடைக்கும். நம் ஒப்பந்தப்புள்ளிகள் இத்தனை கிலோவாட் என்று கேட்பதோடு நிற்கின்றன. கம்பி செத்த பின் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்பது அரிது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கம்பி செத்த பின்னும் ஓடிய ஒரு கட்டடத்தைச் சொல்கிறேன். 2017 செப்டம்பர் 20இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோத் தீவு முழுவதையும் இருளில் தள்ளியது. எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆனது. மலையூரான அட்ஹுந்தாஸில் காசா புவெப்லோ என்ற மக்கள் அமைப்பின் கட்டடத்தில் விளக்கு எரிந்தது. மூச்சுக் கருவி தேவைப்பட்ட நோயாளிகளும் அங்கே வந்தார்கள். அந்த அமைப்பு 1999 முதலே சூரிய மின்சாரத்தை அன்றாடம் பயன்படுத்தி வந்தது; அதனால்தான் அன்றும் அது ஓடியது. மாறாக, நிவாரணத்துக்கென்று வாங்கிக் கிடங்கில் பூட்டிவைத்த ஈய அமில பேட்டரி, சார்ஜ் ஏற்றாமல் விட்டால் சில மாதங்களிலேயே கெட்டுப்போகும்.

பேட்டரி வைக்கும் இடமும் முக்கியம். 2015 சென்னை வெள்ளத்தில் கீழ்த்தளத்து ஜெனரேட்டர்கள் மூழ்கின. பேட்டரியை மாடியில் வையுங்கள். உப்புநீர் புகுந்த லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும்.

இன்றைய அமர்வுகளில் பொறியாளர்களோடு ஊராட்சித் தலைவர்களும் பேசவிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஊராட்சி கட்டும் மின்கட்டணத்தில் சூரியத் தகடு மிச்சப்படுத்தும் தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்து, பேட்டரி மாற்றும் செலவுக்கு ஒதுக்க முடியுமா? அதற்கு எந்த விதியைத் திருத்த வேண்டும்? மாலைக்குள் இந்த அவை எழுத்தில் விடை தர வேண்டும் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.