கொடுத்த வாக்கும் கேட்காத கணக்கும்

(இருக்கன்குடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைப்பாறும் அர்ஜுனா நதியும் கூடுகிற இடம் இது. இரண்டு கங்கைகள் கூடும் குடி, அதனால் இரு கங்கைக் குடி, அதுவே இருக்கன்குடி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு கங்கை கூடுகிற ஊரில் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மணல்தான் கிடக்கிறது. அந்த மணலும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறதா என்றால், அதை லாரிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்!

ஆடி கடைசி வெள்ளிக்கு இந்த ஊருக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். அக்கினிச்சட்டி எடுக்கிறார்கள், கண்மலர் வாங்கிச் செலுத்துகிறார்கள். சாமி உண்டா இல்லையா என்ற வாதத்துக்கு நாம் இங்கே வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கண் நோய் தீர்ந்தால் கண்மலர் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்ட ஏழை, கடனை உடனை வாங்கியாவது வந்து சாத்திவிட்டுத்தான் போகிறான். சொன்ன சொல்லைத் தீர்க்காமல் இருக்க அவனுக்குப் பயம். ஓட்டுக் கேட்டு வந்து சொல்லிவிட்டுப் போனவருக்கு அந்தப் பயம் ஏன் இல்லை? ஜனங்கள் கணக்குக் கேட்பதில்லையா? கேட்டும் அது காதில் விழவில்லையா?

"ஜனங்களுக்கு மறதி ஜாஸ்தி" என்று படித்தவர்கள் சிலர் சொல்லுகிறார்கள். இது ஜனங்களைத் தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு. கடைக்காரனிடம் பட்ட கடன் எத்தனை, பஞ்சத்தில் விற்ற மாடு எந்த நிறம் என்பதெல்லாம் நம் தாய்மார்களுக்கு முப்பது வருஷம் கழித்தும் ஞாபகம் இருக்கிறது. மறதி அல்ல காரணம். வேறு காரணம் இருக்கிறது. அதைப் பார்க்க நாம் தூர தேசம் போக வேண்டாம், பக்கத்து விருதுநகருக்குப் போனால் போதும்.

விருதுநகர் சொன்ன தீர்ப்பு

1957-லும் 1962-லும் காமராஜர் சாத்தூர் தொகுதியில் நின்று ஜெயித்தார். 1967-ல் விருதுநகரில் நின்றார். அவர் முதல் மந்திரியாக இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் இல்லாத கிராமங்களில் பள்ளிக்கூடம் வந்தது, 1956-ல் மதிய உணவு வந்தது. காங்கிரஸ் ஆட்சியை எதிர்த்தவர்கள் நாம். ஆனாலும் இதை இல்லை என்று சொல்ல மாட்டோம். அப்படிப்பட்டவரை, அவர் பிறந்த ஊரிலேயே, சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். இந்திக் கிளர்ச்சி ஒரு பக்கம். அரிசிப் பஞ்சம் இன்னொரு பக்கம். கடை வாசலில் பையோடு நின்ற தாய்மார்கள் பள்ளிக்கூடத்தையும் மறக்கவில்லை, பட்டினியையும் மறக்கவில்லை. பட்டினி அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

அந்தத் தேர்தலில் தி.மு.க. சொன்ன வாக்கு என்ன? ரூபாய்க்கு மூன்று படி அரிசி. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றும் சொன்னார்கள். ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள், சென்னையிலும் கோவையிலும். சாத்தூருக்கு வரவில்லை, இருக்கன்குடிக்கு வரவில்லை. மானியச் சுமை தாங்காது என்றார்கள். சரி, 1971-ல் ஜனங்கள் என்ன செய்தார்கள்? மூன்று படி எங்கே என்று கேட்டுத் தண்டித்தார்களா? இல்லை. 184 இடங்களைக் கொடுத்து மறுபடியும் உட்கார வைத்தார்கள்!

நிறையச் செய்தவரைத் தோற்கடித்த அதே ஜனங்கள், சொன்னதைச் செய்யாதவர்களை ஜெயிக்க வைத்தார்கள் என்று இதை வைத்துக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. 1971-ல் எதிர்ப்பக்கம் யார் நின்றார்கள்? காமராஜரின் காங்கிரசும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் கைகோத்து நின்றன. பாங்குகளைத் தேசியமயமாக்கியதை எதிர்த்தவர்கள், மன்னர் மானியத்துக்காக அழுதவர்கள் அந்த அணியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டுப் போட்டால் மூன்று படி வந்துவிடுமா? வராது என்று ஜனங்களுக்குத் தெரியும். ஓட்டுச் சீட்டு ஒன்றுதான். அதில் குத்துகிற முத்திரையும் ஒன்றுதான். அந்த ஒரு முத்திரையில் அரிசிக்கு ஒரு கணக்கு, பாங்குக்கு ஒரு கணக்கு, மொழிக்கு ஒரு கணக்கு என்று பிரித்து எழுத முடியுமா?

2011-ஐப் பாருங்கள். கலர் டி.வி. தருகிறேன் என்று 2006-ல் சொன்னார்கள், ஒரு கோடி வீடுகளுக்கு மேல் கொடுத்தும் விட்டார்கள். அரிசி கிலோ 2 ரூபாய் என்று சொல்லி, 2008-ல் 1 ரூபாய்க்கே போட்டார்கள். சொன்னதற்கு மேல் செய்த ஆட்சிதான். ஆனால் 2011-ல் தி.மு.க.வுக்குக் கிடைத்தது 23 இடம். ஏன்? மின்வெட்டு! வீட்டில் டி.வி. இருக்கிறது, கரண்ட் இல்லை. சிவகாசி அச்சாபீஸ்களில் மிஷின் நின்றது, தொழிலாளிக்குக் கூலி நின்றது. அதற்குப் பின் வந்த அ.தி.மு.க. ஆட்சியில் 2012-ல் மின்வெட்டு இன்னும் மோசமாயிற்று. ஆனாலும் 2014 பார்லிமெண்ட் தேர்தலில் 39-ல் 37 அவர்களுக்கே போயிற்று. ஆக, ஓட்டுச் சீட்டு கணக்குக் கேட்கிற கருவிதான், ஆனால் முனை மழுங்கிய கருவி. அதை மட்டும் நம்பி ஐந்து வருஷம் காத்திருக்கிறவன் ஏமாறுவான்.

பெட்டி வந்தது, நிலம் வரவில்லை

2006-ம் வருஷத்துத் தேர்தல் அறிக்கைக்கு மறுபடியும் வருவோம், ஏனென்றால் விஷயம் அதில்தான் இருக்கிறது. அதே அறிக்கையில், அதே மை, அதே காகிதத்தில், நிலமற்ற விவசாயக் குடும்பத்துக்கு 2 ஏக்கர் நிலம் என்றும் எழுதியிருந்தது. டி.வி. பெட்டி வீட்டுக்கு வீடு வந்தது. நிலமோ ஒரு பகுதியினருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஒரே கட்சி, ஒரே முதல் மந்திரி, ஒரே அறிக்கை. ஒரு வாக்கு நிறைவேறியது, இன்னொன்று நின்றுபோயிற்று. தோழர்களே, இதற்குக் காரணம் மறதியா?

டி.வி. வாங்க வேண்டுமானால் சர்க்கார் டெண்டர் விட்டால் போதும். கம்பெனிக்காரனுக்கும் சந்தோஷம், வாங்குகிறவனுக்கும் சந்தோஷம். நிலம் கொடுக்க வேண்டுமானால் அது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தரிசு என்று பட்டாப் புத்தகத்தில் இருக்கும். போய்ப் பார்த்தால் பெரிய மனிதர் வேலி போட்டிருப்பார். அந்த வேலியில் கை வைக்க எந்த மந்திரிக்குத் துணிச்சல் வரும்? வசதி படைத்தவன் சுண்டுவிரல் நோகாத வாக்குறுதி சீக்கிரம் நிறைவேறுகிறது. அவன் மடியில் கை வைக்கிற வாக்குறுதி நிறைவேறுவதில்லை. கட்சிக் கொடியின் நிறம் மாறினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. டி.வி. வரவில்லையென்றால் பக்கத்து வீட்டைப் பார்த்து அன்றைக்கே கேட்டுவிடுவார்கள். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2021-ல் தி.மு.க. சொன்னது. அந்த ஆயிரம் எங்கே, அந்த ஆயிரம் எங்கே என்று ஊருக்கு ஊர், கடைக்குக் கடை பெண்கள் கேட்டார்கள். 2023 செப்டம்பர் 15-ந் தேதி வந்தது. எல்லாப் பெண்களுக்கும் அல்ல, தகுதி பார்த்துத்தான். ஆனாலும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. விடாமல் கேட்டதற்கு இதில் பங்கு உண்டு என்பது நம் கருத்து. அந்தத் தேர்தலில் நாமும் அதே அணியில்தான் நின்றோம். ஒரே அணியில் நின்றவன் கேட்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கூட நின்று ஓட்டுக் கேட்டவனுக்குத்தான் ஜனங்களிடம் பதில் சொல்லுகிற கடமை முதலில் இருக்கிறது.

ஆனால் ஆற்றுத் தண்ணீரை யார் கேட்பது? பம்பை, அச்சன்கோவில் ஆறுகளில் இருந்து வைப்பாற்றுக்குத் தண்ணீர் திருப்புவது பற்றி 1995-ல் தேசிய நீர் வளர்ச்சி முகமை ஆய்வறிக்கை தந்தது. 634 மில்லியன் கன மீட்டர், சுமார் 22 டி.எம்.சி. தண்ணீர். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் 91,400 ஹெக்டேர் பாசனம். இதை மேடையில் பேசாத வேட்பாளர் இந்தக் கரிசல் காட்டில் உண்டா? கேரளத்தில் காங்கிரஸ் முன்னணி இருந்தாலும் சரி, இடதுசாரி முன்னணி இருந்தாலும் சரி, தங்கள் ஆற்றில் உபரித் தண்ணீர் இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். இது தெரிந்துகொண்டே, "என்னை ஜெயிக்க வையுங்கள், பம்பைத் தண்ணீர் வரும்" என்று பேசுவது வாக்குறுதி அல்ல, வித்தை. காவிரி - குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டியது எப்போது தெரியுமா? 2021 பிப்ரவரி 21-ந் தேதி. தேர்தல் தேதி அறிவித்தது பிப்ரவரி 26-ந் தேதி. நடுவே ஐந்தே நாள்! கல்லுக்கு நல்ல நாள் பார்த்த ஜோசியரைப் பாராட்டத்தான் வேண்டும்.

பம்பைத் தண்ணீர் கிடக்கட்டும். கண்மாய் மராமத்து, வரத்துக்கால் ஆக்கிரமிப்பு, ஆற்று மணல் — இவற்றுக்குக் கேரளத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு தனி வீட்டுக்கு நஷ்டம் என்று எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊருக்குப் பொது நஷ்டம். பொது நஷ்டத்தைக் கேட்க யாரும் தனியாகக் கிளம்புவதில்லை.

பட்டாசுத் தொழிலாளியின் பாதுகாப்பும் இப்படித்தான். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிச் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல், இதோ பக்கத்தில் அச்சங்குளத்தில், இருபதுக்கும் மேற்பட்டவர்கள். ஏப்ரல் 6-ல் ஓட்டுப்பதிவு. இடையில் எத்தனை கார்கள் வந்தன, எத்தனை மாலைகள் விழுந்தன! 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்ட நாளிலிருந்து பட்டாசுத் தொழிலைக் காப்போம் என்று எல்லாக் கட்சிகளும் சொல்கின்றன. வேண்டியதுதான், அடுப்பு எரிவது அந்தத் தொழிலால்தான். பட்டாசுத் தொழிலாளியைக் காப்போம் என்று சொல்ல வரும்போது குரல் தணிந்துவிடுகிறதே, அது ஏன்? உரிமம் ஒருவர் பேரில், நடத்துகிறவர் உள்குத்தகைக்காரர், மருந்து அறையில் அளவுக்கு மேல் ஆள் — இதைத் தடுக்கப் புதுச் சட்டம் வேண்டாம், இருக்கிற விதியை அமல் நடத்தினால் போதும். அமல் நடத்தினால் யாருக்கு நோகும் என்பது உங்களுக்கே தெரியும்.

கூட்டத்திலிருந்து ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "ஓட்டுக்குத் துட்டு வாங்கினவன் எந்த முகத்தோடு கேட்பான்?" நல்ல கேள்வி. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலை நாடே ஒரு சூத்திரமாக்கிப் பேசிற்று. நமக்கு அது கூப்பிடு தூரம். துட்டுக் கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான்? ஓட்டுக்காக மட்டும் அல்ல. "உன் கணக்கு அன்றைக்கே தீர்ந்தது" என்று பின்னால் சொல்லுவதற்காகவும் கொடுக்கிறான். ஐந்து வருஷத்துக் கணக்கைச் சில நூறு ரூபாய்க்குத் தள்ளுபடி செய்யும் வியாபாரம் இது. ஆனால் வாங்கிய ஏழையைக் கேவலமாகப் பேச நாம் தயாராக இல்லை. வாங்கியிருந்தாலும் கேளுங்கள். ரோடு போடுவதும் கண்மாய் வெட்டுவதும் அவர் சொந்தத் துட்டில் அல்ல.

கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், அந்த வழியும் அடைத்தே இருக்கிறது. கலர் டி.வி., மிக்சி, கிரைண்டர் பற்றிய வழக்கில் 2013 ஜூலை 5-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி, 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவின்படி குற்றம் ஆகாது என்றது. அதன்பின் 2014-ல் தேர்தல் கமிஷன், வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அறிக்கையில் பொதுவாகக் காட்ட வேண்டும் என்று விதி செய்தது. பணத்தைக் காட்டுகிற விதிதான் அது. சொன்னதைச் செய்யாதவரை என்ன செய்வது என்று அதில் இல்லை.

தேர்ந்தெடுத்தவரைத் திரும்ப அழைக்கிற உரிமை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. 1871-ல் 72 நாள் ஆண்ட பாரிஸ் கம்யூன் அதைச் செய்து காட்டியது. 1974-ல் தோழர் சி. கே. சந்திரப்பன் பார்லிமெண்டில் இதற்கு மசோதா கொண்டுவந்தார், வாஜ்பாய் கூட ஆதரித்தார், நிறைவேறவில்லை. 2008-ல் சத்தீஸ்கரில் மூன்று நகர்மன்றத் தலைவர்களை ஜனங்களே ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். நல்ல உரிமைதான். ஆனாலும் துட்டை அள்ளி வீசுகிறவன் நேர்மையானவனையும் இதே வழியில் இறக்கப் பார்ப்பான் என்பதை மறக்கக்கூடாது. அந்த உரிமை வரும்வரை சும்மா இருக்கவும் முடியாது.

கையில் இருப்பதைப் பாருங்கள். வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் உட்கார்ந்து கேட்க ஒவ்வொரு ஓட்டருக்கும் உரிமை உண்டு. இந்த இடத்தையும் சூன்யமாக்கப் பார்ப்பதைக் கவனியுங்கள். 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை ஊராட்சித் தேர்தலே நடத்தவில்லை. மறுபடியும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, நம் ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. முன்னது அ.தி.மு.க. ஆட்சி, பின்னது தி.மு.க. ஆட்சி. கேள்வி கேட்க ஜனங்கள் இருந்தாலும், பதில் சொல்ல ஆள் இல்லாமல் செய்துவிடுவது ஒரு தந்திரம்.

ஆகவே, அடுத்த கிராம சபைக்குத் தாய்மார்கள் உட்பட வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நூறு கோரிக்கை வேண்டாம், மூன்று போதும். நம் கண்மாய்க்கு வருகிற வரத்துக்காலை அளந்து கல் நட்டு, ஆக்கிரமிப்பை எப்போது எடுப்பீர்கள்? ஊரைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் கடைசியாக எந்தத் தேதியில் அதிகாரி சோதனை செய்தார், என்ன குறை எழுதினார்? தரிசு நிலப் பதிவேட்டில் நம் ஊரில் எத்தனை ஏக்கர், அது யார் அனுபவத்தில் இருக்கிறது? இந்த மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானத்தின் நகல் சாத்தூர் தாலுகா ஆபீசுக்கும், சட்டசபை மெம்பர் வீட்டுக்கும், தோற்ற வேட்பாளர் வீட்டுக்கும் சேர்த்தே போகட்டும். அவரும் ஓட்டுக் கேட்டு வாக்குக் கொடுத்தவர்தானே! பதில் வந்ததா இல்லையா என்று அதற்கடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து கேட்க இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வந்து பேர் கொடுங்கள்.