ஊசி போட்டாச்சு, இனி மாஸ்க் எதற்கு?

(2021 ஒக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை, ரத்தோட்டையில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் மாவட்டப் பிரதிநிதி ஆற்றிய உரை)



மாஸ்க்கைப் போட்டுக்கொண்டுதான் பேசப்போகிறேன். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள், இன்னும் சத்தமாகப் பேசுகிறேன். மாஸ்க்கைக் கழற்றிவைத்துவிட்டு, மாஸ்க் போடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த மாதம் முதலாம் திகதி ஊரடங்கு எடுத்த பிறகு சில டிவிஷன்களுக்குப் போய் வந்தேன். காலையில் பிரட்டுக்களத்தில் பார்த்தால், பத்துப் பேரில் ஐந்து பேருக்கு மாஸ்க் தாடையில் கிடக்கிறது. இரண்டு பேருக்கு அது இடுப்பில். ஒரு தங்கச்சியிடம் கேட்டேன். "ரெண்டு ஊசியும் போட்டாச்சு அண்ணே, இனி எதுக்கு இது?" என்றார். அந்தப் பிள்ளை கேட்டதில் குற்றமில்லை. ஊசி போடு, போடு என்று நாம்தான் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னோம். போட்ட பிறகு என்ன என்பதை ஒழுங்காகச் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்று உங்களைக் கூப்பிட்டோம்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். ஊசி வேலை செய்கிறது. சைனோபாமோ, கொவிஷீல்டோ, உங்களுக்குக் கிடைத்தது எதுவானாலும் இரண்டையும் போட்டவர்களுக்கு நோய் முற்றி ஒட்சிசன் தேவைப்படுவதும் உயிர் போவதும் மிகவும் குறைகிறது. ஓகஸ்ட் கடைசியில் இந்த நாட்டில் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். இதுவரை 13,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதில் பெரும்பங்கினர் 60 வயது தாண்டியவர்கள். ஆகவே மாஸ்க் போடச் சொல்கிறார்களே, அப்படியானால் ஊசி பொய்யா என்று யாராவது கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள்.

ஆனால் ஊசி காப்பாற்றுவது முதலில் போட்டவரைத்தான். கிருமி மூக்குக்குள் வருவதை அது முழுதாகத் தடுப்பதில்லை. இப்போது பரவும் டெல்டா வகை, ஊசி போட்டவர் மூக்கிலும் போய் உட்காரும். அவருக்கு இலேசான தடிமன், ஒருநாள் காய்ச்சல், அவ்வளவுதான். சிலருக்கு அதுவும் இல்லை. ஆனால் அவர் பேசும்போதும் இருமும்போதும் அது பக்கத்தில் இருப்பவருக்குப் போகலாம். அதோடு, இரண்டாவது ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டு கிழமையாவது வேண்டும்.

பெரிய பெரிய நாடுகளே இதில் ஏமாந்தன. ஊசி போட்டவர்களுக்கு மாஸ்க் வேண்டாம் என்று அமெரிக்காவில் மே மாதம் சொன்னார்கள். ஜூலையில் அங்கே மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கடற்கரை ஊரில் கூட்டம் கூடிய இடத்தில் நோய் பரவியது. அந்த மாநிலத்தில் கணக்கெடுத்த 469 பேரில் 346 பேர் ஊசியை முழுதாகப் போட்டவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஐந்து பேர், செத்தவர் யாருமில்லை. இதில் ஊசியின் பலமும் தெரிகிறது, அதன் எல்லையும் தெரிகிறது. அதே மாதம் அந்த நாடு சொன்னதை மாற்றிக்கொண்டது. இஸ்ரேலில் ஜூன் 15இல் மாஸ்க்கை எடுத்தார்கள். பத்தே நாளில், 25ஆம் திகதி, கட்டடங்களுக்குள் மறுபடி போடச் சொன்னார்கள்.

அங்கெல்லாம் வீட்டில் ஆளுக்கு ஓர் அறை. நமக்கு 10க்கு 12 அடி காம்பரா. அதற்குள் தாத்தா, பாட்டி, தாய், தகப்பன், பிள்ளைகள். ஒருவருக்கு நோய் வந்தால் தனியாகப் படுக்க எங்கே இடம்? 12 வயதுக்குக் குறைந்த நம் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் இன்னும் ஊசி கிடையாது. வருகிற 21ஆம் திகதி சின்னப் பாடசாலைகளில் ஆரம்ப வகுப்புகள் திறக்கப்போகின்றன. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகள் என்றால், அவற்றில் தோட்டப் பாடசாலைகள் எத்தனை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஓகஸ்டில் நம் டிவிஷன் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறது. மகன் இரண்டு ஊசியும் போட்டவர், கெட்டிக்கார உழைப்பாளி. தடிமன் பிடித்தது. ஊசி போட்டாச்சே, இது மழைத் தடிமன்தான் என்று கொத்தமல்லி குடித்துவிட்டு வேலைக்குப் போனார். இரவில் அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுவது அவர் பழக்கம். அதையும் விடவில்லை. அந்த அம்மாவுக்குச் சீனி வியாதி. ஊசி போடும் இடம் கீழே பாடசாலையில், மேல் டிவிஷனிலிருந்து இறங்கி நடக்க அவரால் முடியவில்லை. ஏற்றிக்கொண்டு போகத் தோட்டத்தில் வாகனம் தரவில்லை. நாமும் கேட்டு வாங்கவில்லை. மகனுக்கு நான்கு நாளில் சுகம். அம்மா பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். தப்புச் சத்தம் இல்லாமல், நீர்மாலை எடுக்காமல் அந்த அம்மாவை அனுப்பி வைத்தோம். அந்தத் தம்பி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "நான் ஊசி போட்டிருந்தேனே அண்ணே?" எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று உங்களிடம் சொல்கிற இந்தப் பதிலை அன்று அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய பாடம் இல்லை. நம் முன்னோர்கள் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். பின்னால் மண்டபம் முகாம் வந்தது. அங்கே அம்மை குத்தினார்கள், குத்திய பிறகும் உடனே கப்பலேற்றவில்லை. நாள் கணக்கில் தங்க வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். லயத்திலும் அப்படித்தான். நம் பாட்டிமார் கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. ஆனாலும் ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை கட்டினார்கள். வேப்பிலையைப் பார்த்தால் வெளியாள் உள்ளே போகமாட்டான். தழும்பும் இருந்தது, வேப்பிலையும் இருந்தது. இன்றைக்கு ஊசிதான் நம் தழும்பு. மாஸ்க்தான் நம் வேப்பிலை.

சரி, எங்கே கட்டாயம் போடவேண்டும்? பிரட்டில். லொறியிலும் ட்ரக்டரிலும் ஏறும்போது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் நெருங்கி நின்று தராசைப் பார்க்கிறோம். ஃபெக்டரிக்குள், பஸ்ஸில், கடையில், கோயிலில், பிள்ளைக்காம்பராவில், சாவு வீட்டில். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தடிமன் என்றால் வீட்டுக்குள்ளும் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மலை ஏறும்போது மூச்சு முட்டுகிறது என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். உண்மைதான். பால் வெட்டுகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் தள்ளி நின்று, காதுக் கயிற்றைப் பிடித்துக் கழற்றி, மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தாடைக்கு இழுத்துவிட வேண்டாம். தாடையில் பட்டது திரும்ப வாய்க்குத்தான் வரும். வியர்வையிலும் மழையிலும் நனைந்த மாஸ்க்கால் பயனில்லை, மூச்சும் அதில்தான் அதிகம் முட்டும். ஆளுக்கு இரண்டு வைத்திருங்கள், ஒன்று நனைந்தால் மற்றது. துணியில் தைப்பதென்றால் மூன்று மடிப்பு வேண்டும். தினமும் சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். மூக்கு மூடியிருக்க வேண்டும்.

இரண்டு மாஸ்க்குக்கும் காசு யார் தருவது? நியாயமான கேள்வி. 2020 ஒக்டோபரில் வந்த வர்த்தமானியில், மாஸ்க் போடாதவருக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று இருப்பதைத் தொரைமார் நமக்குப் படித்துக் காட்டுகிறார்கள். அதே வர்த்தமானி வேலைத்தளத்தை நடத்துகிறவருக்கும் கடமை வைத்திருக்கிறது. வேலையாட்கள் மாஸ்க்கோடும் 1 மீற்றர் இடைவெளியோடும் இருப்பதை அவர் உறுதிப்படுத்த வேண்டும். கை கழுவ வசதியும் சவர்க்காரமும் வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நாம் அவர்களுக்குப் படித்துக் காட்டுவோம்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்தக் கிழமையே நான்கு கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். மாஸ்க் தோட்டம் தரவேண்டும். பிரட்டிலும் மடுவத்திலும் தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும். கொழுந்து நிறுக்கக் கூட்டமாக நிற்க வைக்காமல் கும்பல் கும்பலாகக் கூப்பிட வேண்டும். ஊசி போடாத முதியோரை ஏற்றிப் போக வாகனம் வேண்டும். கடிதத்தின் பிரதியை சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

கணக்கையும் பார்த்துக்கொள்வோம். போராடிப் பெற்ற 1,000 ரூபாய் சம்பளம் பேர் விழுந்தால்தான். வீட்டில் ஒருவருக்கு வந்து 14 நாள் அடைபட்டால், 12 வேலைநாள் போகிறது. கணவன், மனைவி இரண்டு பேருக்கும் 24,000 ரூபாய். அடைபட்ட குடும்பத்துக்கு அரசாங்கம் அறிவித்த 10,000 ரூபாய் உலர் உணவுப் பொதி கைக்கு வந்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது.

நவம்பர் 4ஆம் திகதி தீபாவளி. பயணத் தடை தளர்ந்தால் கொழும்பில் கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். வரட்டும், இரண்டு வருஷமாகக் காத்திருக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். வருகிற பிள்ளையிடம் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லுங்கள்: தடிமன் இருந்தால் இந்த முறை வேண்டாம், வந்தால் பாட்டி பக்கத்தில் மாஸ்க்கோடு உட்கார், பலகாரத்தை இஸ்தோப்பில் வைத்துச் சாப்பிடுவோம்.

நாளைக் காலை பிரட்டில் முதல் ஆளாக மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு நிற்பது நீங்களாக இருக்க வேண்டும். தலைவர் போட்டால் தோட்டம் போடும். ஊசி போட்டாச்சே, இது எதற்கு என்று யாராவது கேட்டால் ஒரே வார்த்தை சொல்லுங்கள்: "ஊசி எனக்கு, மாஸ்க் என் வீட்டில் இருக்கிறவர்களுக்கு."